பிடித்துக்கொண்டு விழுந்தால் போதும்

எங்கள் லார்ச் பே ஐஸ் ஹாக்கி அரங்கில் தண்டனைக் கூண்டின் கதவைத் திறந்து மூடுவது என் வேலை. வார நாட்களில் தபால் அலுவலகத்தில் ஸ்டாம்ப் விற்கிறேன். ஆட்டம் இருக்கும் நாட்களில் கூண்டில் உட்காருகிறேன். பனித்தளத்தில் எவனாவது தப்பாட்டம் ஆடினால் நடுவர் அவனை என்னிடம் அனுப்புவார். உள்ளே விட்டுத் தாழ் போடுவேன். நேரம் முடிந்ததும் வெளியே விடுவேன். யாருக்கும் கை தட்டக் கூடாது, யாருக்காகவும் பரிந்து பேசக் கூடாது, ஆட்டக்காரனிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று எங்களுக்கு விதி. முதல் இரண்டும் சிரமமில்லை. மூன்றாவது மட்டும் என்னால் ஆகாத காரியம். உள்ளே வருகிறவனை நாலு வார்த்தை திட்டாமல் நான் உட்கார வைத்ததே இல்லை. அதனால்தான் ஆட்டக்காரர்கள் எல்லாரும் என்னை 'அம்மா' என்று கூப்பிடுகிறார்கள்.

இந்த ஆட்டத்தில் மோதுவது தப்பில்லை. பக்கை, அதாவது மட்டையால் தள்ளுகிற ரப்பர் வட்டை, வைத்திருப்பவன் மேல் தோளால் நேராக மோதலாம், நடுவர் விசில் ஊத மாட்டார். ஆனால் மோதல் கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டால் எதிரணி விடாது. மோதியவன் அன்றைக்கே, அதே ஆட்டத்தில், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிரணியில் ஒருவனோடு கைகலந்தாக வேண்டும். இதற்குப் பெயர் 'பதில் சொல்வது'. எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. எழுதி வைத்த சட்டத்தை மீறினால் இரண்டு நிமிடம் கூண்டு. இந்த எழுதாத சட்டத்தை மீறினால் பயந்தாங்கொள்ளி என்ற பெயர் சாகும் வரைக்கும் கூடவே வரும். இந்த வழக்கத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை யார் கேட்கிறார்கள்?

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மார்ஸ்டன் அணி எங்கள் ஊருக்கு வந்திருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம். எங்கள் வாசி, மார்ஸ்டன் கேப்டன் மேல் நடுத்தளத்தில் மோதினான். சுத்தமான மோதல். தோளோடு தோள். ஆனால் கேப்டன் உயரம் குறைந்தவன். விழும்போது அவன் ஹெல்மெட் வாசியின் தாடையில் ஏறி அடித்ததை நான் பார்த்தேன். கேப்டன் கீழே விழுந்து கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. அரங்கமே அவனைத்தான் பார்த்தது. வாசி நின்றுகொண்டுதானே இருந்தான், அவனை எவன் பார்ப்பான்?

வாசி என்றால் டேரன் வாசிலிக். சஸ்காட்செவன் மாநிலத்தில் கோதுமை விளைவிக்கிற வீட்டுப் பையன். சண்டைக்காரன் இல்லை. நவம்பரில் ஏற்கெனவே ஒரு முறை தலையில் அடிபட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு இருட்டறையில் வாரக்கணக்கில் கிடந்தவன். அந்த நாட்களில் ஒருமுறை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் கவுன்டருக்கு வந்தான். பார்சலில் இருந்த விலாசத்தை என்னிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களாம்மா, எழுத்தெல்லாம் நீந்துது" என்றான். அவன் அம்மா அனுப்பிய பார்சல். அவன் பெயரும் அவன் விலாசமும்தான் அதில் இருந்தன. இன்னொரு அடி விழுந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னது ஊருக்கே தெரியும்.

கேப்டன் விழுந்ததும் மார்ஸ்டனின் லூக் ஆர்செனோ பாய்ந்து வந்து வாசியின் சட்டையைப் பிடித்தான். கையுறை கழலுவதற்குள் துணை நடுவரான லைன்ஸ்மேன் ஓவன் நடுவில் புகுந்துவிட்டான். இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு நிமிடம். வாசி என் கூண்டுக்கு வந்தான், லூக் வெளியூர்க் கூண்டுக்குப் போனான். இரண்டுக்கும் நடுவில் கடிகாரக்காரர் க்ளிஃபின் மேசை.

லூக்கும் எனக்குப் பழக்கமானவன்தான். இரண்டு குளிர்காலம் எங்கள் அணிக்கு ஆடியவன். ஆடியது என்ன ஆடியது, அடித்தான். அதுதான் அவன் வேலை. அந்த இரண்டு வருஷமும் பனித்தளத்தில் இருந்ததைவிட என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். ரத்தம் துடைக்க அவனுக்கென்று தனியாக ஒரு துண்டே வைத்திருந்தேன். இப்போது வயசு முப்பத்தாறு. விரல் முட்டியெல்லாம் இடம் மாறிப்போன கை.

"நல்லா மோதினேடா மடையா, இப்ப உட்கார்" என்று வாசியைத் திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினேன். வழக்கமாகச் சிரிப்பான். சிரிக்கவில்லை.

"ஸ்கோர் என்னம்மா?"

எதிரிலேயே தொங்குகிறது, வீட்டுக் கதவு அளவுக்கு ஸ்கோர் பலகை. "மூணு, ரெண்டு. நாமதான் மேல. ஏன், கண்ணு தெரியலையா?"

"தெரியுது" என்றான். தண்ணீர் பாட்டிலை எடுத்து அழுத்தினான். தண்ணீர் வாய்க்குப் போகாமல் காதோரமாக வழிந்தது. அவன் அதைத் துடைக்கவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, அப்போதுதான் என்னைப் பார்த்த மாதிரி கேட்டான்.

"ஸ்கோர் என்னம்மா?"

நான் அவன் எதிரே குனிந்தேன்.

"வாசி, இங்க பாரு. இன்னிக்கு என்ன கிழமை?"

"ஆட்டம் இருக்கிற நாள்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து அவனுக்கே ஏதோ புரிந்துவிட்டது. என் கை மேல் கையை வைத்தான். "அம்மா, சொல்லிடாதீங்க."

"சொல்லாம? தலை போயிருக்குடா உனக்கு!"

"அவங்க கேப்டனை சாய்ச்சிட்டேன்ல? இப்ப தலை வலிக்குதுன்னு உள்ள போய்ப் படுத்தா என்ன சொல்வாங்க? அடிச்சிட்டு ஓடி ஒளிஞ்சிக்கிட்டான்னு சொல்வாங்க. எனக்குப் பதிலா நம்ம ஆளுங்கள்ல வேற எவனையாவது புடிச்சு அடிப்பாங்க. வேணாம்மா. நான் பதில் சொல்லிட்டு வந்துடறேன்."

இதை மட்டும் தெளிவாகச் சொன்னான். ஸ்கோர் மறந்துபோயிற்று, கிழமை மறந்துபோயிற்று, இந்தப் பாழாய்ப் போன சட்டம் மட்டும் மறக்கவில்லை.

க்ளிஃப் பக்கம் குனிந்தேன். "க்ளிஃப், இவனுக்கு அடி. டாக்டர் பார்க்கணும். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லு."

க்ளிஃப் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐலா, உனக்கு ரெண்டே வேலை. கதவைத் திற. கதவை மூடு."

"நாளைக்கு இவன் அம்மாவுக்கு நீ பதில் சொல்லுவியா?"

"நான் கடிகாரத்துக்கு மட்டும்தான் பதில் சொல்றவன்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், அதுதான் அவர் வேலை.

பக் வலைக்கு மேலே பறந்து விசில் விழுந்தது. நான் எழுந்து கண்ணாடியைத் தட்டி ஓவனைக் கூப்பிட்டேன். கூண்டு பனித்தளத்துக்கு இந்தப் பக்கம், எங்கள் கோச்சும் மருத்துவப் பயிற்சியாளரும் அந்தப் பக்கம். தாண்டிப் போக எனக்கு வழியில்லை. ஓவன் நல்ல பையன். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வேகமாகச் சறுக்கிப் போய் கோச்சிடம் சொன்னான். கோச் தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சரியாக இருக்கிறாயா என்று கேட்கிறாராம். வாசி உடனே கட்டைவிரலை உயர்த்தினான். கோச் தலையாட்டிவிட்டு அடுத்த ஆட்களை இறக்கப் போய்விட்டார்.

மருத்துவம் முடிந்தது. ஒரு கட்டைவிரலுக்கு இன்னொரு கட்டைவிரல்.

ஓவன் திரும்பி வரும்போது என்னைப் பார்த்துக் கையை விரித்தான். "அவனே நல்லா இருக்கேங்கிறான், ஐலா. நான் என்ன பண்ண?"

பின்னாலிருந்து கண்ணாடியை நம்மூர் ரசிகர்கள் குத்திக்கொண்டிருந்தார்கள். "ஏய் லூக்கு! பல்லு செட்டை வீட்டுல வெச்சிட்டு வந்தியா, இல்ல பாக்கெட்ல இருக்கா?" என்று ஒருவன். "வாசி, விடாத மச்சான், தாத்தாவைத் தூங்க வை!" என்று இன்னொருவன், வாயில் டோனட்டோடு.

கடிகாரம் ஓட ஆரம்பித்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. க்ளிஃபின் முதுகுக்குப் பின்னால் உடம்பைச் சாய்த்து, கண்ணாடி இடைவெளி வழியாக வெளியூர்க் கூண்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். எந்த விதியிலும் இதற்கு இடமில்லை.

"லூக்!"

"சொல்லுங்கம்மா" என்றான், ஏதோ தபால் வாங்க வரிசையில் நிற்கிறவன் மாதிரி. "துண்டு இருக்கா? இங்க குடுக்கிறது நாத்தம் தாங்கல."

"விளையாடாத. பையனுக்குத் தலை சரியில்ல. ரெண்டு தடவை ஸ்கோர் கேட்டுட்டான். அவனை விட்டுடு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

லூக் எட்டிப் பார்த்தான். வாசி தன் இடது கையுறையை வலது கையில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். லூக்கின் முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று.

"பாத்தேன், அப்பவே கண்ணு ஒரு எடத்துல நிக்கல" என்றான். "ஆனா நான் விட்டா மட்டும் போதாதும்மா. எங்க பெஞ்சுல கடைசில பாருங்க, சிவப்புத் தாடி. ஹால்வர்சன். புதுப் பையன், அடுத்த வருஷமும் அணியில வெச்சுக்கணுமேன்னு, எவனைக் கடிக்கலாம்னு அலையறான். நான் போகலேன்னா அவன் போவான். அவன் போனா நிறுத்த மாட்டான்."

"அப்ப?"

கொஞ்சம் யோசித்தான். "நானே போறேன். நான் போனா வேற எவனும் வர மாட்டான், அது எனக்குக் குடுக்கிற மரியாதை. சட்டையைப் புடிச்சு நாலு சுத்து சுத்திட்டு, பூப்போலக் கீழ படுக்க வெச்சிடறேன். ஒரு குத்து விழாது. கீழ விழுந்ததும் ஓவன் வந்து பிரிச்சிடுவான். பதில் சொன்ன மாதிரியும் ஆச்சு, தலையும் தப்பிச்சுது. அவன்கிட்ட மட்டும் சொல்லிடுங்க, என்னைப் புடிச்சுக்கிட்டு என்கூடவே விழுந்தா போதும்னு."

"சத்தியமா?"

"உங்க துண்டு மேல சத்தியம்."

எனக்கு அந்த நேரத்தில் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வாசியிடம் திரும்பி, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"கேளு. லூக் உன்னை அடிக்க மாட்டான். நீயும் அடிக்காத. புடிச்சுக்கிட்டு அவன்கூட விழு. அவ்வளவுதான். திருப்பிச் சொல்லு."

"லூக் அடிக்க மாட்டாரு. நானும் அடிக்கக் கூடாது. புடிச்சுக்கிட்டு விழணும்."

"இன்னொரு தடவை."

"புடிச்சுக்கிட்டு விழணும். சரிம்மா, புரியுது." நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். எனக்கு உயிர் வந்தது. அவன் கையுறையைச் சரியான கையில் மாட்டிவிட்டேன். ஹெல்மெட் பட்டையை இறுக்கினேன்.

அவன் எழுந்து கதவருகே நின்றான். பலகையில் எங்கள் நேரம் கரைந்துகொண்டிருந்தது. கடைசி விநாடிகளில் அவன் என் பக்கம் குனிந்தான்.

"அம்மா, ஸ்கோர் என்ன?"

"வாசி, என்ன சொன்னேன் உனக்கு? இப்ப என்ன பண்ணணும்?"

"பதில் சொல்லணும்" என்றான்.

நேரம் முடிந்தது. நான் கதவைத் திறக்கவில்லை. தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஐலா!" என்று க்ளிஃப் கத்தினார். எங்கள் பெஞ்சு முழுக்கக் கத்தியது. "லூக், வேணாம், அவனுக்கு ஞாபகம் இல்ல!" என்று நான் கத்தினேன். பின்னால் ஆயிரம் பேர் கண்ணாடியைக் குத்துகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. லூக் ஏற்கெனவே வெளியே போய் நடுத்தளத்தில் நின்று, கையுறைகளை உதறிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தான்.

வாசி என் விரல்களைத் தாழ்ப்பாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தான். முரட்டுத்தனமே இல்லை. குழந்தை கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்குவது போல வாங்கினான். "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு, தானே கதவைத் திறந்துகொண்டு போனான்.

லூக் சொன்ன சொல் தவறவில்லை. நேராக வந்து இரண்டு கையாலும் வாசியின் தோள்களைப் பிடித்தான். இரண்டு கையாலும். சண்டை தெரிந்தவன் ஒருபோதும் அப்படிப் பிடிக்க மாட்டான். ஒரு கை பிடிக்க, ஒரு கை தன்னைக் காத்துக்கொள்ள. வாசி கையுறைகளை உதறிவிட்டு, இடது கையால் லூக்கின் கழுத்துச் சட்டையைப் பிடித்தான். லூக் தன் ஹெல்மெட் பட்டையை எப்போதும் தளர்வாகத்தான் போடுவான், அந்த இழுப்பில் அது கழன்று உருண்டது. வாசி வலது கையை ஓங்கினான்.

முதல் குத்துக்கு லூக் சிரித்த மாதிரி இருந்தது. வாசியின் காதில் ஏதோ சொன்னான், உதடு அசைந்தது தெரிந்தது. விழு என்றுதான் சொல்லியிருப்பான். வாசி இரண்டாவது குத்தை விட்டான். மூன்றாவதில் லூக் தலையைத் திருப்பி என் கூண்டைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. என்னம்மா, சொல்லலியா என்று கேட்பது போல ஒரு பார்வை. சொன்னேன் லூக், சொன்னேன், இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன் என்று நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அலறினேன். ஓவன் பக்கத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் காலில் நிற்கிற வரைக்கும் லைன்ஸ்மேன் உள்ளே போக மாட்டான், அதுவும் வழக்கம்தான். நான்காவது குத்து விழுந்தபோது லூக்கின் கைகள் வாசியின் தோளிலிருந்து நழுவின. அவன் மல்லாந்து, மரம் சாய்வது போல, வெறும் தலையோடு பனியில் விழுந்தான். அவ்வளவு கூச்சலிலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அரங்கம் எழுந்து நின்றது. எங்கள் ஆட்கள் மட்டையால் தடுப்புப் பலகையைத் தட்டி மரியாதை செய்தார்கள். "வாசி! வாசி!" என்று ஊரே கத்தியது. லூக் அசையாமல் கிடக்கிறான் என்று தெரிந்த பிறகுதான் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

ஓவன் வாசியைக் கொண்டுவந்து என்னிடம் விட்டான். வாசியின் விரல் முட்டி கிழிந்திருந்தது. உட்கார்ந்து, நாலாபக்கமும் பார்த்தான்.

"ஏம்மா எல்லாரும் என் பேரைக் கூப்பிட்டாங்க?"

லூக்குக்கென்று வைத்திருந்த பழைய துண்டு இன்னும் என் பையில் இருந்தது. அதை எடுத்து வாசியின் கையில் சுற்றினேன்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. வாசி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "ஐயோ பாவம், யாரும்மா அது? எவன் அப்படி அடிச்சான்?"

அப்போது கண்ணாடியில் மட்டையால் யாரோ தட்டினார்கள். சிவப்புத் தாடி ஹால்வர்சன். அவன் அழுதிருந்தான், அதுவும் தெரிந்தது. "டேய், வெளிய வா. லூக்குக்குப் பதில் சொல்லாம இன்னிக்கு நீ வீட்டுக்குப் போக மாட்ட."

வாசிக்கு அவன் யார் என்றே தெரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டி, "சரி" என்றான்.

அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது நான் இல்லை, ஒரு சின்ன விதி. சண்டைக்கு ஐந்து நிமிடம் கூண்டு; ஆட்டம் முடிய அதைவிடக் குறைவான நேரமே இருந்தால் சண்டை போட்டவன் கூண்டில் உட்கார வேண்டியதில்லை, நேராக உடை மாற்றும் அறைக்குப் போய்விடலாம். நடுவருக்கு அது நினைவு வந்து அவனை அனுப்பினார். அறையில் அவன் தன் அலமாரி எது என்று தெரியாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டார்கள். இப்போது அவன் சஸ்காட்செவனில் இருக்கிறான். இனி ஆட மாட்டான். அவன் அம்மாவுக்கு ஒரு பார்சல் அனுப்பினேன், அவர் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அவனுக்கு இன்னும் எழுத்து நீந்துகிறதாம்.

அடுத்த மாதம் மார்ஸ்டன் மறுபடி வந்தது. லூக்குக்குப் பதில் சொல்ல வாசி இல்லை. எனவே எங்கள் அணியில் வேறொரு பையன், அந்த ஞாயிற்றுக்கிழமை ஆடவே ஆடாதவன், ஹால்வர்சனோடு சண்டை போட்டு இரண்டு பல்லை இழந்தான். நான்தான் அவனுக்குக் கதவைத் திறந்தேன். நான் இல்லாவிட்டால் வேறு யாராவது திறப்பார்கள்.

லூக் நியூ பிரன்ஸ்விக்கில் அவன் அக்கா வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஃபோன் செய்வான். என் மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால்கூட வாங்கிக்கொள்வேன்.

"பையன் எப்படி இருக்கான்மா?" என்று கேட்பான்.

"நல்லா இருக்கான் லூக். ஊருக்குப் போயிட்டான்."

"நல்லதாப் போச்சு. ஒரு குத்துகூட விழல அவனுக்கு, பாத்தீங்கல்ல? சொன்ன மாதிரியே பண்ணேன்."

"பாத்தேன்பா."

பிறகு அங்கே பெய்கிற பனியைப் பற்றி, அக்கா செய்கிற மீன் சூப்பைப் பற்றிப் பேசுவான். நானும் தபால் அலுவலகத்துக் கதை ஏதாவது சொல்வேன். அப்புறம் அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, அப்போதுதான் ஃபோனை எடுத்தவன் போலக் கேட்பான்.

"பையன் எப்படி இருக்கான்மா?"